எண்ணெய்க் கணக்கு

விசுவலிங்கத்தார் செத்த அண்டைக்கு
மழை விட்டு, பொழுதுபட்ட பிறகுதான் எடுத்தவை.
கொட்டடியிலிருந்து கொம்பயன்மணல் மட்டும்
காஸ்லைற் பிடித்து முன்னால் நடந்தனான்.
கூலி ஒண்டரை ரூபா. மகன் பேரம் பேசாமல் தந்தவர்.
தகப்பன் எண்டால் ஒண்டேகாலில் முடித்திருப்பார்.

முதலில் சோடாக் கொம்பனி,
கன்னாதிட்டியில் ஒரு பத்தி,
கையால் சுத்துகிற இயந்திரம்.
சுத்தினதும் அவர்தான், கழுவினதும் அவர்தான்.
போத்தல் வெடித்து இடது புருவத்தில் தழும்பு.
பிறகு எலெக்சன் நேரம்
அது வெள்ளைக்காரத் துரையோடு மல்லுக்கட்டினபோது
பட்ட காயம் எண்டொரு கதை உலாவினது.
அவர் ஓமெண்டும் சொல்லேல்லை,
இல்லையெண்டும் சொல்லேல்லை.

பிறகு மண்ணெண்ணெய்.
ஊர்காவற்றுறையில் இறக்கி வண்டியில் ஏத்தி
பெரியகடைக்கு வந்து சேரேக்கை
தகரத்துக்கு ஒரு போத்தல் குறையும்.
குறைந்தது கடலிலா றோட்டிலா எண்டு
ஆரும் கேட்டதில்லை.

பிறகுதான் போட் மெம்பர்.
வோட்டுக்கு வீடு வேணும், வரி வேணும்.
வட்டாரத்தில் நூற்றுப் பதினேழு பேருக்கு அது இருந்தது.
அறுபத்து நாலு பேர் அவருக்குக் கை தூக்கினவை.
எதிர்த்து நிண்ட பிறக்கிராசி முத்துக்கிருஷ்ணர்
எண்ணினது பிழையெண்டு இரண்டாந்தரம் எண்ண வைத்தார்.
அறுபத்தைந்தாய்ப் போச்சு.
நான் வாசலில் நிண்டனான்.
என்ர இரண்டு கையும் ஏணியில் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே தீர்மானம்:
பட்டணம் இருட்டில் கிடக்கிறது, கனவான்களே,
நாற்பத்திரண்டு விளக்கு வேண்டும்.
எண்ணெய் ரெண்டர் மச்சான் பேரில் விழுந்தது.
மச்சானுக்கு எண்ணெய் எண்டால்
தலைக்கு வைக்கிறது மட்டுந்தான் தெரியும்.

அப்பிடித்தான் எனக்கு இந்த வேலை.
பின்னேரம் ஏணி, திரி, கத்தரிக்கோல்,
முனியப்பர் கோயிலடியில் தொடங்கி வடக்கே.
நிலவுக் காலத்தில் லீவு.
விளக்கெல்லாம் பத்தரைக்கு அணையும்.
கந்தோர்ப் புத்தகத்தில் விடியும்வரை எரியும்.

முப்பத்தெட்டாவது விளக்குக்கு அங்கால
எங்கட ஒழுங்கை.
ஒருக்கால் கடைக்குப் போய்க் கேட்டனான்.
கணக்குப் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்,
"உங்கட பக்கம் வரி கட்டுற வீடு எத்தினை?"
நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

ஆனால் பேதி வந்த வருசம்
அதே மனிசன் ராத்திரி ஒரு மணிக்கு
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
எங்கட ஒழுங்கைச் சேற்றில் நிண்டார்.
சோடாக் கொம்பனி அடுப்பில் அஞ்சு நாள்
தண்ணி கொதித்தது, வண்டி வண்டியாய் வந்தது.
என்ர மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும்
அவற்றை வண்டிதான்.
பிள்ளை பிழைச்சிட்டாள்.
அந்த வண்டிக்கூலியை போட்டிடம்
இரண்டு தரம் வாங்கினவராம்.
கிளாக்கர் சொன்னவர். சொல்லிச் சிரித்தவர்.
நான் சிரிக்கேல்லை. கோவமும் வரேல்லை.

கடைசியாய் மின்சாரம்.
நாலு பேர் வேணும், நாலு பேர் வேண்டாம்.
சேர்மன் கதிரையில் அவர்.
எண்ணெய் வித்த மனிசன்
எண்ணெய்க்கு எதிராய்க் கை தூக்கினார்.
தன்ர வயிற்றில் தானே அடித்தார் எண்டு
பேப்பரில் புகழ்ந்து எழுதினவை, மாலை போட்டவை.
மாலை போட்டவர்களில் முத்துக்கிருஷ்ணரும் ஒருவர்.
மூண்டு கிழமைக்கு முந்தித்தான்
எண்ணெய்க் கடையைக் கட்டிடத்தோடு
அவரிடம் வாங்கியிருந்தார், பாவம்.

வேலை போன அண்டைக்கு நான் முன்னால் நிண்டனான்.
"ஏணியை நீயே வைச்சிரு" எண்டார்.
ஏணி போட்டுடைய சாமான்.

இப்ப நாவலர் றோட்டு திரும்பேக்கை
காஸ்லைற் மங்கத் தொடங்கினது.
மகன் பின்னாலிருந்து சத்தம் போட்டார்,
எண்ணெய் நிறைச்சனியோ எண்டு.
காலையில்தான் புதுத் தகரம் உடைத்தது,
முத்துக்கிருஷ்ணர் கடைத் தகரம்.
ஆட்டிப் பார்க்கத் தேவையில்லை.
மணலுக்கு இன்னும் கால்மைல்.
பம்ப் அடித்து அடித்து நடந்தனான்.